ஹாம் வானொலி ஆண்டெனாவுக்கான தரை ரேடியல்கள்

தரை ரேடியல்கள் என்பவை நிமிர்ந்து நிற்கும் ஆண்டெனா ஒன்றின் அடியிலிருந்து, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல எல்லாத் திசைகளிலும் விரிக்கப்படும் கம்பிகள் ஆகும். தமிழில் இவற்றை ஆரக்கம்பிகள் எனலாம். அமெச்சூர் வானொலி (ஹாம் வானொலி) பயன்படுத்துவோரிடையே ரேடியல் என்ற பெயரே வழக்கில் உள்ளது. நிமிர்நிலை ஆண்டெனாவில் பாயும் மின்னோட்டம் திரும்பி வருவதற்கு இழப்புக் குறைந்த பாதையைத் தருவதே இவற்றின் வேலை. இந்தப் பாதை இல்லாவிட்டால், வானொலிக் கருவி அனுப்பும் திறனில் பெரும்பகுதி மண்ணைச் சூடாக்குவதிலேயே செலவாகிவிடும்.

ஒலிபரப்பு நிலையங்கள் இதற்காகப் பல கிலோமீட்டர் நீளத் தாமிரக் கம்பியை மண்ணில் புதைக்கின்றன. வீட்டில் அவ்வளவு தேவையில்லை. வீட்டு மின்கம்பி, பழைய கேபிள், வேலிக் கம்பி போன்றவற்றைக் கொண்டு சிறிய முற்றத்திலோ மொட்டை மாடியிலோ போதுமான ரேடியல் அமைப்பை உருவாக்க முடியும். முதலில் விரிக்கப்படும் சில கம்பிகளே அதிகப் பயனைத் தருகின்றன. பின்னர் சேர்க்கும் ஒவ்வொரு கம்பியின் பயனும் குறைந்துகொண்டே போகிறது.

தரை ஏன் தேவைப்படுகிறது

டைபோல் என்னும் அடிப்படை ஆண்டெனாவில் இரண்டு கைகள் உண்டு. ஒவ்வொன்றும் கால் அலைநீளம் கொண்டது. ஒரு கையில் மின்னோட்டம் வெளியே செல்லும்போது மறு கையில் அதற்கு ஈடான மின்னோட்டம் உள்ளே வருகிறது. சுற்று இவ்வாறு நிறைவடைகிறது.

கால் அலைநீள நிமிர்நிலை ஆண்டெனாவில் ஒரு கை மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. மறு கையின் இடத்தைத் தரை எடுத்துக்கொள்கிறது. நிமிர்ந்த கம்பிக்கும் தரைக்கும் இடையே மின்தேக்கி ஒன்றின் இரு தகடுகளுக்கு இடையில் இருப்பது போன்ற மின்புலம் உருவாகிறது. அதன் வழியே தரையை அடையும் மின்னோட்டம், மண்ணின் மேற்பகுதியில் பயணம் செய்து ஆண்டெனாவின் அடிக்குத் திரும்பி வருகிறது. குக்லியெல்மோ மார்க்கோனி தம் தொடக்கக்காலச் சோதனைகளிலேயே ஆண்டெனாவின் ஒரு முனையைத் தரையுடன் இணைத்தார். அதனால் இவ்வகை ஆண்டெனாவுக்கு மார்க்கோனி ஆண்டெனா என்ற பெயரும் உண்டு.

மண் நல்ல மின்கடத்தி அன்று. சாதாரண மண்ணின் கடத்துதிறன் மீட்டருக்கு ஏறத்தாழ 0.005 சீமன்ஸ் என்று கொள்ளப்படுகிறது. கடல்நீரின் கடத்துதிறன் இதைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. காய்ந்த மணலும் பாறை நிலமும் சாதாரண மண்ணைவிடவும் மோசமானவை. உப்புநீர்க் கரையோரம் வைக்கப்படும் நிமிர்நிலை ஆண்டெனாக்கள் தொலைதூரத் தொடர்பில் சிறந்து விளங்குவதற்கு இதுவே காரணம். மற்ற இடங்களில், திரும்பி வரும் மின்னோட்டத்தை மண் வழியே அலையவிடாமல் கம்பியின் வழியே அழைத்துவரும் வேலையை ரேடியல்கள் செய்கின்றன.

இழப்பைக் கணக்கிடுதல்

முழுமையான கடத்தியாக அமைந்த தரையின் மேல் நிற்கும் கால் அலைநீள ஆண்டெனாவின் கதிர்வீச்சுத் தடை சுமார் 36 ஓம். இது டைபோலின் 73 ஓமில் பாதி. இந்தத் தடையில் செலவாகும் திறனே வானொலி அலையாக வெளியேறுகிறது. மண்ணால் ஏற்படும் இழப்புத் தடை இதனுடன் தொடராகச் சேர்கிறது.

செயல்திறன் = கதிர்வீச்சுத் தடை ÷ (கதிர்வீச்சுத் தடை + இழப்புத் தடை)

இழப்புத் தடையும் 36 ஓம் ஆக இருந்தால் செயல்திறன் 50 விழுக்காடு. கருவி 100 வாட் அனுப்பினால் 50 வாட் மட்டுமே அலையாகிறது. மீதி 50 வாட் மண்ணுக்குப் போகிறது. இழப்பை 9 ஓமாகக் குறைத்தால் செயல்திறன் 80 விழுக்காடாகிறது.

வீடுகளில் பெரும்பாலும் முழு உயர ஆண்டெனாவுக்கு இடம் இருப்பதில்லை. அடியில் சுருள் சேர்த்துக் குட்டையாக்கிய ஆண்டெனாவே பயன்படுத்தப்படுகிறது. உயரம் குறையும்போது கதிர்வீச்சுத் தடை வேகமாகக் குறைகிறது. எட்டில் ஒரு பங்கு அலைநீள உயரமுள்ள ஆண்டெனாவில் அது சுமார் 6 ஓம் மட்டுமே. அதே 9 ஓம் இழப்பு இருந்தாலும் இங்கே செயல்திறன் 40 விழுக்காடுதான். சுருளில் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் இன்னும் குறையும். ஆகவே ஆண்டெனா குட்டையாக இருந்தால் தரை இன்னும் நன்றாக இருக்க வேண்டும்.

பாதித் திறன் இழப்பு என்பது 3 டெசிபல். இது வானொலிக் கருவியின் எஸ் அளவியில் அரை அலகு மட்டுமே. வலுவான குறிக்கையில் இதன் வேறுபாடு காதுக்குத் தெரியாது. இரைச்சலின் விளிம்பில் கேட்கும் குறிக்கையில் செய்தி போய்ச் சேருமா சேராதா என்பதை இந்த 3 டெசிபலே முடிவு செய்யக்கூடும். பேரிடர்க் காலத்தில் மின்சாரம் இல்லாமல் பேட்டரியில் இயங்கும் நிலையத்துக்கு இது மேலும் முக்கியம். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபோது, அந்தமானில் முகாமிட்டிருந்த இந்திய அமெச்சூர் வானொலிக் குழு ஒன்று அத்தீவுகளுக்கும் வெளியுலகுக்கும் இடையே செய்திகளைக் கடத்தியது. அத்தகைய நேரத்தில் மண்ணுக்குப் போகும் ஒவ்வொரு வாட்டும் பேட்டரியிலிருந்து வீணாக எடுக்கப்பட்டதாகும்.

1937-ஆம் ஆண்டு ஆய்வு

எத்தனை ரேடியல்கள் தேவை என்பதை முறையாக அளந்து காட்டியவர்கள், அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பிரவுன், ராபர்ட் லூயிஸ், ஜெஸ் எப்ஸ்டீன் ஆகிய பொறியாளர்கள். இவர்கள் நியூ ஜெர்சியில் 3 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் சோதனை நடத்தினர். ரேடியல்களின் எண்ணிக்கையை 2, 15, 30, 60, 113 எனவும், அவற்றின் நீளத்தையும், ஆண்டெனாவின் உயரத்தையும் மாற்றி மாற்றி அளந்தனர். இதன் முடிவுகள் 1937-இல் வெளியாயின.

இந்த ஆய்விலிருந்து கிடைத்த செய்திகள் இன்றும் அடிப்படையாக உள்ளன.

• ரேடியல் எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது அவற்றை மிக நீளமாக்குவதால் பயன் இல்லை. கம்பிகளுக்கு இடையேயான இடைவெளி வெளிப்புறத்தில் அகன்றுவிடுவதால், மின்னோட்டம் மண்ணிலேயே பாய்கிறது.
• எண்ணிக்கை அதிகரிக்கும்போது நீளத்தின் பயனும் அதிகரிக்கிறது.
• நல்ல தரையமைப்பு இருந்தால், உயரம் குறைந்த கோபுரமும் உயரமான கோபுரத்துக்கு நெருக்கமான பலனைத் தருகிறது.

அமெரிக்காவில் நடுத்தர அலை ஒலிபரப்பு நிலையங்களுக்கு, 3 பாகை இடைவெளியில் 120 ரேடியல்கள் என்ற நடைமுறை இதையொட்டி நிலைபெற்றது. இந்த எண் அமெச்சூர் நூல்களிலும் திரும்பத் திரும்ப வருவதால், 120 கம்பி இல்லாவிட்டால் நிமிர்நிலை ஆண்டெனாவே வேலை செய்யாது என்ற எண்ணம் புதியவர்களுக்கு ஏற்படுகிறது. அது ஒலிபரப்பு நிலையத்துக்கான அளவு. வீட்டுக்கான குறைந்தபட்சத் தேவை அன்று.

எத்தனை கம்பி, எவ்வளவு நீளம்

அலைநீளம் மீட்டரில் வேண்டுமானால் 300-ஐ மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணால் வகுக்க வேண்டும். அமெச்சூர்கள் அதிகம் பயன்படுத்தும் 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு (40 மீட்டர் அலைவரிசை) அலைநீளம் சுமார் 42 மீட்டர். அமெச்சூர் கையேடுகளில் தரப்படும் சிக்கன அளவுகள் இந்த அதிர்வெண்ணுக்குப் பின்வருமாறு அமைகின்றன. இழப்பு என்பது, பட்டியலின் கடைசி அமைப்போடு ஒப்பிடும்போது தொடுவானத்தை ஒட்டிய தாழ்கோணத்தில் குறிக்கை எவ்வளவு குறைகிறது என்பதாகும்.

• 16 கம்பிகள், ஒவ்வொன்றும் 4.2 மீட்டர்; மொத்தம் 68 மீட்டர்; இழப்பு சுமார் 3 டெசிபல்
• 24 கம்பிகள், 5.3 மீட்டர், மொத்தம் 127 மீட்டர், இழப்பு சுமார் 2 டெசிபல்
• 36 கம்பிகள், 6.3 மீட்டர், மொத்தம் 228 மீட்டர், இழப்பு சுமார் 1.5 டெசிபல்
• 60 கம்பிகள், 8.5 மீட்டர், மொத்தம் 507 மீட்டர், இழப்பு சுமார் 1 டெசிபல்
• 90 கம்பிகள், 10.6 மீட்டர், மொத்தம் 950 மீட்டர், இழப்பு சுமார் 0.5 டெசிபல்
• 120 கம்பிகள், 17 மீட்டர். மொத்தம் 2 கிலோமீட்டருக்கு மேல்

முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே கம்பியின் அளவு 30 மடங்கு பெருகுகிறது. கிடைக்கும் ஆதாயம் 3 டெசிபல், அதாவது எஸ் அளவியில் அரை அலகு. மண்ணின் தன்மையைப் பொறுத்து இந்த எண்கள் மாறும் என்றாலும் போக்கு மாறுவதில்லை.

இந்தியாவில் வீட்டு மின்கம்பி 90 மீட்டர் சுருளாக விற்கப்படுகிறது. ஒரு சுருளிலிருந்து 4.2 மீட்டர் நீளத்தில் 16 ரேடியல்களை வெட்டினால் 22 மீட்டர் மிஞ்சும். அதில் 10 மீட்டரை மூங்கில், சவுக்குக் கம்பம் அல்லது கண்ணாடியிழைக் கழியின் மேல் நிறுத்தினால், 7 மெகாஹெர்ட்ஸ் ஆண்டெனா முழுவதும் ஒரே சுருளில் முடிந்துவிடும்.

கம்பி குறைவாக இருக்கும்போது, நான்கு நீளமான கம்பிகளைவிட எட்டோ பதினாறோ குட்டைக் கம்பிகள் நல்லது. அமெரிக்க அமெச்சூர் ருடி செவர்ன்ஸ் 2009-ஆம் ஆண்டளவில் வெளியிட்ட தொடர் அளவீடுகள் இதை உறுதி செய்தன. மண்ணின் மேல் கிடக்கும் கம்பியில் அலையின் வேகம் குறைகிறது. இதனால் கால் அலைநீளம் என்று கணக்கிட்டு வெட்டிய கம்பி, மின்னியல்படி அதைவிட நீளமாக நடந்துகொள்கிறது. நான்கு கம்பிகள் மட்டும் இருக்கும்போது இந்த மாறுபாடு இழப்பைக் கூட்டுகிறது. கம்பிகளைச் சற்றுக் குட்டையாக்கினால் குறிக்கை கூடுகிறது. எண்ணிக்கை 16-ஐ எட்டும்போது நீளம் பற்றிய இக்கவலை பெரிதும் நீங்குகிறது. அதனால் தரையில் கிடக்கும் ரேடியல்களை அளந்து சரிபார்த்து வெட்ட வேண்டிய தேவை இல்லை.

வீட்டில் கிடைக்கும் பொருள்கள்

ரேடியலுக்குத் தடித்த கம்பி வேண்டும் என்பது பரவலான தவறான கருத்து. 100 வாட் திறனில், 50 ஓம் ஊட்டுமுனையில் பாயும் மின்னோட்டம் சுமார் 1.4 ஆம்பியர். 16 ரேடியல்கள் அதைப் பகிர்ந்துகொள்ளும்போது ஒவ்வொன்றிலும் 0.1 ஆம்பியருக்கும் குறைவாகவே பாய்கிறது. ஆகவே மெல்லிய கம்பியும் போதும். தேர்வைத் தீர்மானிப்பது கம்பியின் ஆயுள்தான்.

வீட்டு மின்கம்பி: பி.வி.சி. உறையுள்ள 1 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி மிகவும் ஏற்றது. உறையை நீக்கத் தேவையில்லை. உயர் அதிர்வெண் மின்னோட்டம் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையேயான மின்தேக்கம் வழியே செல்வதால், வெற்றுக் கம்பிக்கும் உறையிட்ட கம்பிக்கும் செயல்பாட்டில் வேறுபாடு இல்லை. உறையிட்டது மண்ணில் அதிக நாள் நிலைக்கும்.

கணினி வலைக் கேபிள்: பயன்பாட்டிலிருந்து கழிந்த லேன் கேபிளில் எட்டுக் கம்பிகள் உள்ளன. 20 மீட்டர் கேபிளைப் பிரித்தால் 160 மீட்டர் கம்பி கிடைக்கும். பழைய தொலைபேசிக் கேபிள், ஸ்பீக்கர் கம்பி ஆகியவற்றையும் இவ்வாறே பிரித்துப் பயன்படுத்தலாம்.

மோட்டார் சுற்றும் கம்பி: பழுதான மோட்டார், மின்மாற்றி ஆகியவற்றிலிருந்து எடுத்த எனாமல் பூசிய தாமிரக் கம்பி பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும். இணைக்கும் முனையில் எனாமலை உப்புத்தாள் கொண்டு நன்கு சுரண்ட வேண்டும்.

ஜி.ஐ. கம்பி: துத்தநாகம் பூசிய வேலிக் கம்பியும் துணி உலர்த்தும் கம்பியும் மலிவானவை. பூச்சு உள்ளவரை நன்றாக வேலை செய்யும். ஈர மண்ணில் சில ஆண்டுகளில் துருப்பிடிக்கும். பூச்சில்லாத கட்டுக்கம்பியைத் தவிர்ப்பது நல்லது. இரும்பில் உயர் அதிர்வெண் இழப்பு அதிகம். அது விரைவில் துருவேறி அறுந்தும் போகும்.

அலுமினியக் கம்பி: மேலே தொங்கவிட ஏற்றது. மண்ணில் புதைத்தால் அரித்துப்போகும்.

கம்பி வலை: பற்றவைத்த சதுரக்கண் வலையை ஆண்டெனாவின் அடியைச் சுற்றி விரிக்கலாம். மின்னோட்டம் மிகச் செறிவாக இருக்கும் பகுதி அதுவே. முறுக்கிப் பின்னிய கோழிவலையில் கண்கள் துருப்பிடிக்கும்போது தொடர்பு விட்டுப்போவதால் அது நீண்ட நாளுக்கு நம்பத்தக்கது அன்று.

தகரக் கூரை, இரும்பு வேலி, மாடிக் கைப்பிடிக் குழாய் போன்ற பெரிய உலோகப் பரப்புகளையும் ரேடியல்களுடன் இணைக்கலாம். தகடுகள் ஒன்றையொன்று தொடும் துருப்பிடித்த இடங்கள் டையோடு போல நடந்துகொண்டு, அருகிலுள்ள வானொலி, தொலைக்காட்சிகளில் குறுக்கீட்டை உண்டாக்கக்கூடும். தகடுக்குத் தகடு கம்பி வைத்துத் திருகி முறுக்கினால் இது குறையும். கல்நார்க் கூரை கடத்தி அன்று. எரிவாயுக் குழாயை எந்த நிலையிலும் இணைக்கக் கூடாது.

தரையில் விரிக்கும் முறை

ஆண்டெனாவின் அடியில் எல்லா ரேடியல்களும் ஒன்றுசேரும் மையம் ஒன்று தேவை. தடித்த வெற்றுத் தாமிரக் கம்பியை வளையமாக வளைத்தோ, எவர்சில்வர் தட்டு ஒன்றின் விளிம்பில் துளைகள் இட்டோ இதைச் செய்யலாம். தட்டின் நடுத்துளை வழியே ஆண்டெனாக் கம்பம் செல்லும். கோஆக்சியல் கேபிளின் நடுக்கம்பி ஆண்டெனாவுடனும் வெளிப்பின்னல் இந்தத் தட்டுடனும் இணைக்கப்படும். இந்த இணைப்பு எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

ஒவ்வொரு ரேடியலின் முனையிலும் வளைய வடிவ லக் ஒன்றை அழுத்திப் பொருத்தி, துருப்பிடிக்காத எஃகு போல்ட்டால் தட்டில் முடுக்க வேண்டும். ஈயப் பற்றவைப்பு மட்டும் இருந்தால் மண்ணின் ஈரத்தில் நாளடைவில் இற்றுவிடும். தாமிரத்தையும் அலுமினியத்தையும் நேரடியாகத் தொடவிடக் கூடாது. ஈரத்தில் அலுமினியம் அரிக்கப்படும். முடுக்கிய பின் கிரீஸ் பூசினால் மழைநீர் புகாது.

கம்பிகளை ஆழமாகப் புதைக்கத் தேவையில்லை. மண்ணின் மேலேயே விரிக்கலாம். காலில் இடறாமல் இருக்க மண்வெட்டியால் 2 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீறி அதில் அழுத்தினால் போதும். ஆழம் கூடக்கூட மின்னோட்டம் மண்ணைக் கடந்துதான் கம்பியை அடைய வேண்டியிருப்பதால் பயன் குறையுமே தவிரக் கூடாது. புல்தரையில் கம்பியை மேலே விரித்து, யு வடிவில் வளைத்த ஜி.ஐ. கம்பியையோ பழைய சைக்கிள் கம்பிகளையோ அரை மீட்டருக்கு ஒன்றாகக் குத்தி அமுக்கிவிடலாம். சில வாரங்களில் புல் அதை மூடிவிடும்.

ரேடியல்கள் நேர்கோட்டில்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. கிணறு, மரம், சுவர் குறுக்கிட்டால் வளைத்துக்கொண்டு போகலாம். ஒரு பக்கம் 3 மீட்டரும் மறுபக்கம் 8 மீட்டரும் கிடைத்தால் கிடைத்த நீளத்தில் விரிக்கலாம். எல்லாத் திசையிலும் பரவலாக இருப்பது நல்லது. ஒரு பக்கம் வீட்டுச் சுவர் தடுத்தால் மற்ற பக்கங்களில் எண்ணிக்கையைக் கூட்டலாம். போன வழியே கம்பியை மடக்கித் திருப்பிக்கொண்டு வருவதால் மட்டும் பயனில்லை.

மொட்டை மாடியும் அடுக்ககமும்

மண்ணே இல்லாத வீடுகளில் உயர்த்திய ரேடியல்கள் பயன்படுகின்றன. தரையிலிருந்து விலக்கி உயரத்தில் கட்டப்படும் கம்பிகள் மண்ணை ஏறத்தாழ முழுவதுமாகத் தவிர்த்துவிடுவதால் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தாலே போதும். செவர்ன்ஸின் அளவீடுகளில், சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் கட்டிய நான்கு ரேடியல்கள், தரையில் கிடந்த 64 ரேடியல்களுக்கு ஏறக்குறைய இணையாக இருந்தன.

இங்கே விதி மாறுகிறது. உயர்த்திய ரேடியல்கள் கால் அலைநீளத்துக்கு ஒத்ததிர வேண்டும். ஆகவே நீளத்தை அளந்து வெட்டியாக வேண்டும். மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணால் 71.5-ஐ வகுத்தால் தோராயமான நீளம் மீட்டரில் கிடைக்கும்.

• 7.1 மெகாஹெர்ட்ஸ்: 10.1 மீட்டர்
• 14.2 மெகாஹெர்ட்ஸ்: 5.0 மீட்டர்
• 21.2 மெகாஹெர்ட்ஸ்: 3.4 மீட்டர்
• 28.5 மெகாஹெர்ட்ஸ்: 2.5 மீட்டர்

சற்று நீளமாக வெட்டி, அளவியில் பார்த்துக் குறைப்பது வழக்கம். உறையிட்ட கம்பி இன்னும் சில விழுக்காடு குட்டையாக இருக்கும். ஒவ்வொரு அலைவரிசைக்கும் எதிரெதிர்த் திசையில் இரண்டு கம்பிகளாவது தேவை. 10 மீட்டர் நேராகக் கிடைக்காத மாடியில், கம்பியைக் கைப்பிடிச் சுவரின் மேல் விளிம்பையொட்டி வளைத்துக் கொண்டுபோகலாம். கான்கிரீட் தளத்தின் மேல் நேரடியாகப் போட்டால் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பிகளும் ஈரமும் ஒத்ததிர்வை மாற்றிவிடும். அந்த இரும்புக் கம்பிகளையே ரேடியலாக எண்ணுவதும் சரியாகாது. அவை ஒன்றோடொன்று மின்தொடர்பில் உள்ளனவா என்பது வெளியிலிருந்து தெரியாது.

ரேடியல்களைக் கிடையாக வைக்காமல் ஏறத்தாழ 45 பாகை கீழ்நோக்கிச் சாய்த்தால் ஊட்டுமுனைத் தடை 36 ஓமிலிருந்து 50 ஓமை நோக்கி உயர்கிறது. இது கேபிளுடன் நன்கு பொருந்தும். 145 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அரை மீட்டர் நீளமுள்ள ஐந்து கம்பிகளைச் சாக்கெட் ஒன்றில் பற்றவைத்துச் செய்யப்படும் ஆண்டெனா இதே அமைப்பின் சிறிய வடிவம்.

உயர்த்திய அமைப்பில் கோஆக்சியல் கேபிளின் வெளிப்பின்னலும் வேண்டாத ரேடியலாக மாறிவிடக்கூடும். அப்போது அலை வீட்டுக்குள் நுழைந்து, ஒலிவாங்கியில் கடியும் கணினியில் குழப்பமும் ஏற்படும். ஊட்டுமுனைக்கு அருகே கேபிளைச் சில சுற்றுகள் சுருட்டியோ, ஃபெரைட் வளையங்களின் வழியே கொண்டுபோயோ இதைத் தடுக்கலாம்.

அளந்து பார்த்தல்

எப்போது நிறுத்தலாம் என்பதை ஆண்டெனாவே சொல்லும். இதற்கு ஆண்டெனா பகுப்பாய்வி தேவை. நானோவிஎன்ஏ போன்ற விலை குறைந்த கருவிகளே போதும். நான்கு ரேடியல்களுடன் தொடங்கி, ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் ஊட்டுமுனைத் தடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின் நான்கு நான்காகக் கம்பிகளைச் சேர்த்து ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். எடுத்துக்காட்டாக 4 கம்பியில் 62 ஓம், 8-இல் 53, 16-இல் 46, 20-இல் 45 என்று இறங்கினால், 16-க்குப் பிறகு சேர்த்த கம்பிகளின் பயன் சிறிது என்பது தெளிவு. அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

எஸ்.டபிள்யூ.ஆர். (நிலையலை விகிதம்) மட்டும் பார்ப்பவர்கள் இங்கே ஏமாறக்கூடும். 36 ஓம் கதிர்வீச்சுத் தடையும் 14 ஓம் இழப்பும் சேர்ந்தால் 50 ஓம். விகிதம் மிகச் சரியாக 1. ஆனால் திறனில் 28 விழுக்காடு மண்ணுக்குப் போகிறது. ரேடியல்களைச் சேர்த்து இழப்பை நீக்கினால் தடை 36 ஓமுக்கு இறங்கி, விகிதம் 1.4 ஆக உயரும். அளவியில் எண் கெட்டுப்போனது போலத் தோன்றும்போது ஆண்டெனா உண்மையில் முன்னேறியிருக்கிறது. இழப்பே 36 ஓமாக இருந்து மொத்தம் 72 ஓம் ஆகும்போதும் விகிதம் 1.4 தான். ஆகவே விகிதத்தை மட்டும் கொண்டு தரையின் நிலையை அறிய முடியாது. தடையை ஓமில் பார்க்க வேண்டும்.

மழைக்காலத்திலும் கோடையிலும் தனித்தனியே அளந்து வைத்துக்கொள்வது நல்லது. ஈரத்தைப் பொறுத்து எண்கள் சற்று மாறுவது இயல்பு. திடீரென்று பெரிதாக மாறினால் மைய இணைப்பு துருப்பிடித்திருக்கலாம், அல்லது புல்வெட்டும்போது கம்பி அறுந்திருக்கலாம்.

ரேடியல்களால் ஆகாதது ஒன்றும் உண்டு. தொலைதூரத்துக்குச் செல்லும் தாழ்கோண அலையின் வலிமை, ஆண்டெனாவிலிருந்து பல அலைநீளத் தொலைவு வரையிலுள்ள நிலத்தின் தன்மையையும் பொறுத்தது. அதை வீட்டு முற்றத்துக் கம்பி மாற்றாது.

மின் எர்த்தும் ரேடியலும் ஒன்றல்ல

கரியும் உப்பும் இட்டுக் குழாய் பதித்த எர்த் குழி, வீட்டு மின்கசிவை மண்ணுக்குக் கடத்துவதற்கானது. அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு நல்ல தரை. வானொலி அதிர்வெண்ணில் ஒற்றைக் குழாய் மிகச் சிறு பரப்பையே தொடுவதால் இழப்பு அதிகம். அக்குழியைத் தேடிச் செல்லும் கம்பியும் சிக்கலை உண்டாக்கும். மேல்மாடியிலிருந்து எர்த் குழிவரை 10 மீட்டர் கம்பி இழுத்தால், 7 மெகாஹெர்ட்ஸில் அது கால் அலைநீளம் ஆகிவிடுகிறது. கால் அலைநீளக் கம்பி ஒரு முனையில் உள்ள குறைந்த தடையை மறுமுனையில் மிக அதிகத் தடையாக மாற்றும். கீழே தரை நன்றாக இருந்தாலும் மேலே வானொலிக் கருவிக்குத் தரையே இல்லாதது போலாகிறது.

ரேடியல்களும் எர்த்துக்கு மாற்று அல்ல. கருவியின் உலோகக் கூட்டுக்கு மின்வாரிய விதிப்படியான எர்த் இணைப்பு கட்டாயம் இருக்க வேண்டும். மின்னல் பாதுகாப்புக்காக ஆண்டெனாவின் அடியில் எர்த் கம்பி அடித்தால் அதை வீட்டின் எர்த்துடன் தடித்த கடத்தியால் இணைக்க வேண்டும். இரண்டும் தனித்தனியே இருந்தால் மின்னலின்போது அவற்றிடையே எழும் மின்னழுத்தம் கருவியின் வழியே பாயும்.

பாதுகாப்பு

• ஆண்டெனா எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தொலைவில் நிறுத்த வேண்டும். உலோகக் கம்பம், கம்பி இரண்டுக்கும் இது பொருந்தும். மின்கம்பிகளுக்கு மேலாகவோ கீழாகவோ ரேடியல் கட்டக் கூடாது.
• உயர்த்திய ரேடியலின் நுனியில் அலைபரப்பின்போது மிகுந்த மின்னழுத்தம் இருக்கும். தொட்டால் தோல் சுடும். நுனியைக் காப்பிட்டு, ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் கட்ட வேண்டும். குழந்தைகள் விளையாடும் மாடியில் இது மிக முக்கியம்.
• மாடியில் தாழ்வாகக் கம்பி கட்டினால் கழுத்திலும் காலிலும் சிக்கும். பளிச்சென்று தெரியும் நிறத் துணி கட்டிவைக்கலாம்.
• மண்ணைக் கீறுமுன் புதைந்த மின்கேபிள், குடிநீர்க் குழாய் எங்கே போகின்றன என்று அறிந்துகொள்ள வேண்டும்.
• கோடை இடிமழையிலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் பயன்படுத்தாத நேரத்தில் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே வைப்பது நல்லது. இடி கேட்கத் தொடங்கிய பிறகு அதைக் கழற்றப் போவது ஆபத்து.

அமெச்சூர் வானொலியில் அலைபரப்ப உரிமம் தேவை. இந்தியாவில் நடுவண் தகவல் தொடர்பு அமைச்சகத்தின் கீழுள்ள கம்பியில்லாத் திட்டமிடல் பிரிவு, தேர்வு நடத்தி உரிமம் வழங்குகிறது. உரிமம் இல்லாத நிலையில் ரேடியல் அமைத்துச் சிற்றலை வானொலி கேட்டுப் பழகலாம். கேட்கும்போது இரைச்சலே பெரும்பாலும் எல்லையாக இருப்பதால் தரையின் பயன் பரப்பும்போது தெரியும் அளவுக்குத் தெரியாது. எனினும் 16 கம்பிகள் விரித்து அளந்து பார்க்கும் பயிற்சி, உரிமம் பெற்ற நாளில் நேரடியாகக் கைகொடுக்கும்.